வாக்கியத்தை முடிக்காத மனிதர்

செவ்வாய், வியாழன் இரவு ஒன்பது மணிக்கு எனக்கு ஸ்பானிஷ் வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் மெக்சிகோவில் புவெப்லா நகரத்தில் இருக்கிறார். நான் சாப்பிட்டு முடித்துக் கொட்டாவி விடும் நேரம், அவருக்குக் காலை ஒன்பதரை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, வீட்டுப்பாடம் என்னாயிற்று என்று கேட்டார். செய்யவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் பாதி ஒட்டுச் சொற்கள்தான். வினைச்சொல் வராது; 'ஓ சேயா', 'புவேஸ்', 'எஸ் கே' எல்லாம் தாராளமாக வரும், நம் 'அதாவது', 'அப்புறம்', 'வந்துங்க' மாதிரி. அவற்றை வைத்தே ஒரு நிமிடம் ஓட்டினேன். செய்யக்கூடாது என்றில்லை, அதாவது செய்யலாம் என்றுதான், அப்புறம் பார்த்தால் செவ்வாய்க்கிழமை, செவ்வாய்க்கிழமை என்றால் உங்களுக்கே தெரியும், ஆனால் அது வேறு விஷயம். ப்ரொஃபே (ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவேன்) வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். 'நோ காந்தின்ஃப்ளேயெஸ்' என்றார். காந்தின்ஃபிளாஸ் மாதிரிப் பேசாதே என்று அர்த்தம்.

மரியோ மொரேனோ என்ற நடிகரின் மேடைப்பெயர் காந்தின்ஃபிளாஸ். நிறையப் பேசி ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு ஸ்பானிஷில் 'காந்தின்ஃப்ளெயார்' என்று ஒரு வினைச்சொல்லே இருக்கிறது. ஸ்பெயினின் ராயல் அகாடமி 1992இல் அதை அகராதியில் சேர்த்தது. மனிதர் இறந்தது 1993 ஏப்ரல் 20. தன் பெயர் வினைச்சொல்லாகி, காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்பத் திரிந்து அகராதியில் உட்கார்ந்ததை உயிரோடு இருந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? தமிழில் இதற்கு 'வழவழா கொழகொழா' என்று சொல்லிப் பார்த்தேன், பொருந்தவில்லை. வழவழாவில் ஒரு சோம்பல் இருக்கிறது. காந்தின்ஃபிளாஸ் பேச்சில் சோம்பலே கிடையாது, மூச்சுவிடாத உழைப்பு.

அந்த வாரம் ப்ரொஃபே எனக்கு இரண்டு காட்சிகளை வீட்டுப்பாடமாகக் கொடுத்தார். ஒன்று 1940இல் வந்த படத்தின் நீதிமன்றக் காட்சி, அது அவருக்குப் பிடித்தது. இன்னொன்று 1967இல் வந்த படத்தின் கடைசிப் பேச்சு, அது அவருடைய அப்பாவுக்குப் பிடித்தது. 'அப்பா இப்போது பார்த்தாலும் கண் கலங்குவார்' என்றார். இரண்டையும் பார்த்தேன். முதலாவதில் பாதிதான் புரிந்தது, விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாவதில் அநேகமாக ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது, நடுவில் ஒரு தடவை கைபேசியை எடுத்து மின்கட்டணம் கட்டினேன். மொழி படிக்கிறவனுக்கு இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்? அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

கூடாரத்திலிருந்து

மொரேனோ பிறந்தது 1911 ஆகஸ்ட் 12, மெக்சிகோ நகரத்தின் ஏழைப் பகுதி ஒன்றில். அப்பாவுக்குத் தபால் துறையில் வேலை. பையன் போய்ச் சேர்ந்த இடம் கார்ப்பா. அன்றைய மெக்சிகோவில் பேட்டைக்குப் பேட்டை துணிக்கூடாரம் அடித்து, சில்லறைக் காசுக்குப் பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் காட்டிய சின்னக் கொட்டகைக்கு அதுதான் பெயர். பிடிக்கவில்லை என்றால் பார்வையாளர்கள் அங்கேயே கத்திச் சொல்லிவிடுவார்கள். ஒருநாள் அறிவிப்பாளர் வராததால் இவரை மேடையில் தள்ளிவிட்டார்கள், பயத்தில் எல்லாம் மறந்து வாய்க்கு வந்ததை உளறினார், கூட்டம் சிரித்தது, அதையே பிடித்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. இந்த மாதிரிக் கதைகளை நான் முழுதாக நம்புவதில்லை, ஆனால் இதை நம்ப ஆசையாக இருக்கிறது. அப்படி ஒரு கூடாரத்தை நடத்திய ரஷ்யக் குடும்பத்துப் பெண் வலென்தினாவைத்தான் அவர் கல்யாணம் செய்துகொண்டார்.

அவர் எடுத்துக்கொண்ட வேடம் 'பெலாதோ'. நேர்ப்பொருள் தோல் உரிக்கப்பட்டவன். பையில் காசில்லாமல், கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து ஒட்டாமல் திரிகிறவன்; மரியாதைப்பட்ட வீடுகளில் வசவாகப் புழங்கிய சொல். கால்சட்டை இடுப்பில் நிற்காது, அதற்கும் கீழே, விழுந்துவிடுமோ என்கிற இடத்தில் ஒரு கயிற்றில் தொங்கும். உதட்டின் இரண்டு ஓரத்திலும் மட்டும் கொஞ்சம் மீசை. தோளில் ஒரு கந்தல் துணி. அந்தக் கந்தலை அவர் 'கபார்தீனா' என்பார், அதாவது பெரிய மனிதர்கள் போடும் மழைக்கோட்டு. கோட்டைச் சரிசெய்கிற கம்பீரத்தோடு கந்தலைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேச ஆரம்பிப்பார்.

ஊருக்குள் இந்தப் பேச்சு எவ்வளவு பிரபலம் என்பதற்கு 1937இல் நடந்த ஒரு சண்டை போதும். தொழிற்சங்கத் தலைவர்கள் இரண்டு பேர், லூயிஸ் மொரோனெஸும் விசென்தே லொம்பார்தோ தொலெதானோவும், மோதிக்கொண்டிருந்தார்கள். மொரோனெஸ் தன் வாதத் திறமையைக் காட்ட வேண்டுமானால் காந்தின்ஃபிளாஸோடு போய் வாதாடட்டும் என்று லொம்பார்தோ சொன்னார். மட்டம் தட்டத்தான் சொன்னார். நம் ஆள் விடுவாரா? தொழிலாளர் பிரச்சினையைப் பற்றித் தன் பாணியில் ஒரு பதில் கொடுத்தார். அதை எழுத்தில் படித்துப் பார்த்தேன். தொழிலாளி, உரிமை, தருணம், வரலாறு, எல்லாச் சொல்லும் இருக்கிறது. எதுவும் எதோடும் சேரவில்லை. இதில் பயங்கரம் என்னவென்றால், நிஜமான தொழிற்சங்க அறிக்கையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது லேசில்லை.

நாய் செத்த வழக்கு

சரி, 1940க்கு வருகிறேன். படத்தின் பெயர் 'ஆயி எஸ்தா எல் தெதாயே', அங்கேதானே விஷயமே இருக்கிறது என்று சொல்லலாம். இயக்கியவர் ஹுவான் புஸ்தியோ ஓரோ. படத்தின் பெயரான இந்த வாக்கியத்தைக் காந்தின்ஃபிளாஸ் அடிக்கடி சொல்வார், சொன்ன பிறகு அந்த விஷயம் என்ன என்பது மட்டும் வரவே வராது. கதை கொஞ்சம் சிக்கல். பணக்கார வீட்டு வேலைக்காரப் பெண் பாஸ், இவருடைய காதலி. அவள் போடும் சாப்பாட்டுக்காக வருகிறவரிடம், வீட்டில் வெறிபிடித்த நாய் இருக்கிறது, சுட்டுக் கொன்றுவிடு என்கிறாள். நாயின் பெயர் பாபி. அதே நேரத்தில் வீட்டு எஜமானியை மிரட்டிக்கொண்டிருக்கும் ரௌடி ஒருவனும் கொல்லப்படுகிறான். அவன் பெயரும் பாபி. பட்டப்பெயர் ஃபாக்ஸ் டெரியர், அதுவும் ஒரு நாய் ஜாதி, அது வேறு.

நீதிமன்றத்தில் பாபியைக் கொன்றாயா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறார், கொஞ்சமும் தயங்காமல். நாயைக் கொன்றதற்கு இத்தனை பெரிய கட்டடம், இத்தனை கறுப்புக் கோட்டு, இத்தனை கூட்டமா என்று அவருக்கு ஆச்சரியம், ஆனால் கேட்டால் பதில் சொல்ல வேண்டியதுதானே. ஒரு கொலைகாரன் இவ்வளவு சாவதானமாக ஒப்புக்கொள்கிறானே என்று நீதிபதிக்கு அதிர்ச்சி. சாட்சிக் கூண்டில் நிற்கும்போதும் கால்சட்டை அதே இடத்தில்தான்.

இதுவரைக்கும் ஆள்மாறாட்ட நகைச்சுவை, யார் எழுதினாலும் வரும். நான் நான்கைந்து தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தது அதற்கப்புறம் வருவதை. அரசுத் தரப்பு வக்கீல் சட்ட மொழியில் பேசுகிறார். நீளமான, லத்தீன் வாடை அடிக்கும் வாக்கியங்கள். காந்தின்ஃபிளாஸ் அதைக் கேட்டு அதே மரியாதையோடு பதில் சொல்கிறார். கவனித்துக் கேட்டால் அவர் குரலில் கிண்டலே இல்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறார், வினைச்சொல் வருவதற்குள் இன்னொரு வாக்கியம் குறுக்கே வருகிறது, அதற்கு வழிவிட்டு ஒதுங்குகிறார், அந்த வாக்கியமும் 'ஏனென்றால்' என்று ஒரு வளைவில் திரும்பிக் காணாமல் போகிறது. கை மட்டும் வாக்கியம் முடிந்துவிட்டது என்று காட்டுகிறது. புருவம் ஒத்துக்கொள்கிறது. எதிரில் நிற்பவர் தலையை ஆட்டிவிடுகிறார், பிறகுதான் எதற்குத் தலையை ஆட்டினோம் என்று யோசிக்கிறார். கடைசியில் ரௌடியை நிஜமாகவே கொன்றவன் வந்து ஒப்புக்கொள்ள, வழக்கு தீர்கிறது. ஆனால் அதற்குள் தொற்று பரவிவிட்டது. வக்கீல்கள் வாயைத் திறக்கிறார்கள், காந்தின்ஃபிளாஸ் பேச்சு வருகிறது. நீதிபதியும் அப்படித்தான் பேசுகிறார். கால்சட்டை இடுப்பில் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் கால்சட்டை நிற்காதவன் மாதிரிப் பேசுகிறார்கள், அவர்களுக்கு அது வித்தியாசமாகவும் தெரியவில்லை.

முதல் தடவை ஆங்கில வசனவரியோடு பார்த்தேன், எதற்கு எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று பிடிபடவில்லை. வசனவரி எழுதிய புண்ணியவான், அவர் முடிக்காத வாக்கியங்களையெல்லாம் முடித்து வைத்திருந்தார்! பொறுப்பான ஆள் போலிருக்கிறது. வரியை அணைத்துவிட்டுப் பார்த்த பிறகுதான் சிரிப்பு வந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது என்றேன் அல்லவா, அந்தப் பாதிதான் அந்த நீதிமன்றத்தில் இருக்கும் எல்லாருக்கும் புரிகிறது. அந்தக் காட்சியில் மட்டும் நானும் மெக்சிகோக்காரர்களும் சம நிலையில் இருந்தோம்.

இவரை 'மெக்சிகோவின் சாப்ளின்' என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கந்தல் உடுப்பு, சின்ன மீசை, அதோடு ஒற்றுமை முடிந்தது. சாப்ளினின் நாடோடி பேசாமலே உலகம் முழுக்கப் போனான். இவருக்கு வாய்தான் முதல், அந்த வாய்க்கு ஸ்பானிஷ்தான் வீடு.

வெளியூர்ப் பயணம்

1941இல் வந்த 'எல் ஹெந்தார்மே தெஸ்கொனோசீதோ'வில் தற்செயலாகக் கொள்ளையர்களைப் பிடித்துக்கொடுத்துப் போலீஸ்காரர் ஆகிறார். எண் 777. அந்தப் படத்தில் சேர்ந்த இயக்குநர் மிகேல் தெல்காதோதான் பிறகு அவருடைய அநேகமாக எல்லாப் படங்களையும் எடுத்தார். சொந்த நிறுவனம் போசா ஃபிலிம்ஸ், விநியோகம் கொலம்பியா பிக்சர்ஸ், ஸ்பானிஷ் பேசும் நாடுகள் எல்லாவற்றிலும் கூட்டம். 1953இல் திறந்த இன்சுர்ஹென்தெஸ் அரங்கத்தின் முகப்பில் தியெகோ ரிவேரா வரைந்த பிரம்மாண்டமான சுவரோவியத்தின் நடுவில் நிற்பவர் இவர்தான், பணக்காரர்களிடம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுப்பவராக. பெலாதோ நடுத்தெருவிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டான்.

ஹாலிவுட் கூப்பிட்டது. 1956இல் 'எண்பது நாளில் உலகைச் சுற்றி' படத்தில் பாஸ்பர்த்தூ என்ற வேலைக்காரர் வேடம். பலூனிலிருந்து கை நீட்டி மலை உச்சிப் பனியை அள்ளி ஷாம்பெயினைக் குளிரவைக்கிறார், காளையோடு விளையாடுகிறார், இந்தியாவில் சிதையேற்றப்பட இருந்த இளவரசியைக் காப்பாற்றுகிறார். இளவரசியாக நடித்தவர் அமெரிக்க நடிகை ஷெர்லி மெக்லைன், அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை. உடம்பால் செய்ய வேண்டிய வேடம் என்பதால் தப்பித்தார், கோல்டன் குளோபும் கிடைத்தது. அந்தத் தெம்பில் 1960இல் 'பெப்பே'. மூன்று மணி நேரத்துக்கும் மேலே ஓடும் படம், திரும்பின பக்கமெல்லாம் ஒரு நட்சத்திரம் தலைகாட்டிவிட்டுப் போகும். ஆஸ்கருக்கு ஏழு பரிந்துரை, ஒன்றும் கிடைக்கவில்லை, படமும் தோற்றது. தன் குதிரையைத் தேடி ஹாலிவுட்டுக்கு வரும் மெக்சிகோ அப்பாவி அவர். தப்பும் தவறுமான ஆங்கிலம் பேசுகிறார், அவர்கள் அன்பாகச் சிரிக்கிறார்கள். அரை மணிக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. ஸ்பானிஷில் அவர் வாக்கியத்தை உடைத்தால் நீதிபதிக்கு வியர்க்கும். இங்கே உடைந்து கிடந்தது அவருடைய ஆங்கிலம், யாருக்கும் வியர்க்கவில்லை. அதற்கப்புறம் அவர் ஆங்கிலப் படம் நடிக்கவில்லை.

வந்தது வந்தோம், மெக்சிகோவின் இன்னொரு நகைச்சுவை நடிகர் 'தின் தான்' பற்றி ஒரு வார்த்தை. ஹெர்மான் வால்தெஸ் என்பது இயற்பெயர். எல்லை நகரமான சியுதாத் ஹுவாரெஸில் வளர்ந்து, ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்த பேச்சையே நகைச்சுவையாக்கியவர். இரண்டு மொழியை வைத்துக்கொண்டு எப்படி விளையாடுவது என்பது அவருக்குத் தெரியும். ரசிகர்கள் இன்னும் இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று சண்டை போடுகிறார்கள். ப்ரொஃபே ரகசியமாகத் தின் தான் கட்சி. அவர் வீட்டில் அதைச் சத்தமாகச் சொல்லக்கூடாதாம்.

கடைசிப் பேச்சாளர்

1967இல் வந்த 'சு எக்செலென்சியா'. காந்தின்ஃபிளாஸுக்கு வயது ஐம்பத்தைந்து. கம்யூனிச நாடு ஒன்றில், தேங்காய்க் குடியரசு என்ற கற்பனை நாட்டின் தூதரகத்தில் சின்ன உத்தியோகம் பார்க்கும் லோப்பித்தோஸ். சொந்த ஊரில் ஆட்சி கவிழ்ந்துகொண்டே இருக்க, அந்தக் குழப்பத்தில் இவரே தூதராகிவிடுகிறார். உலகம் சிவப்பு, பச்சை என்று இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறது, இவருடைய ஓட்டுக்கு இரண்டு பக்கமும் அலைகிறார்கள். கடைசியில் உலக நாடுகளின் சபையில் மேடை ஏறுகிறார். கோட்டு சூட்டு, கால்சட்டை இடுப்பில்.

ஆரம்பம் பிரமாதம். கடைசிப் பேச்சாளராக வந்ததில் சந்தோஷம், ஏனென்றால் நீங்கள் எல்லாரும் களைத்துப்போன நேரமாகப் பார்த்துப் பிடிக்கிறேன் என்கிறார். பழைய கார்ப்பா ஆள் எட்டிப் பார்க்கிறார். அப்புறம் வாக்கியங்கள் முடிய ஆரம்பிக்கின்றன. ஒவ்வொன்றும் எழுவாய், பயனிலையோடு, கைதட்டலுக்கு இடம்விட்டு, ஒழுங்காக முடிகிறது. இரண்டு அணியையும் கண்டிக்கிறார். நடுவில் ஒரு சிலேடை வருகிறது. 'அமாவோஸ்' என்றால் நேசியுங்கள், 'அர்மாவோஸ்' என்றால் ஆயுதம் தரியுங்கள். ஒருவரை ஒருவர் நேசியுங்கள் என்று இயேசு சொன்னார், நீங்கள் காதில் தப்பாக வாங்கிக்கொண்டு ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆயுதம் எடுக்கிறீர்கள் என்கிறார். ஒரே ஒரு 'ர்' கூடுதல். நல்ல சிலேடைதான். பள்ளி ஆண்டுவிழாவில் சொல்லலாம்.

எனக்குக் கோபமே வந்தது. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் ஒரு நீதிமன்றத்தையே தன் மொழிக்கு இழுத்துக்கொண்டவர், இங்கே சபையின் மொழியைப் பேசிக்கொண்டிருக்கிறார். சபை எழுந்து கைதட்டுகிறது. கைதட்டாமல் என்ன செய்யும்? அடுத்த வருடம், 1968 அக்டோபர் 2இல், த்லதெலோல்கோ சதுக்கத்தில் மெக்சிகோ அரசு தன் மாணவர்களையே சுட்டது. வல்லரசுகளுக்குப் புத்தி சொன்ன அந்தப் பேச்சைத் திரும்பக் கேட்டபோது எனக்கு அந்தத் தேதிதான் நினைவில் ஓடியது. அந்தக் காலத்துப் படங்களில் காந்தின்ஃபிளாஸ் பாதிரியார், டாக்டர், வாத்தியார் என்று வரிசையாக வருகிறார், எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் உபதேசம் செய்கிறார்கள். 1978இல் அதே 777 எண்ணோடு மறுபடி போலீஸ்காரராக வந்தார். 1941இல் அந்தச் சீருடை தவறான ஆளுக்கு மாட்டிவிட்ட உடுப்பு. 1978இல் பொத்தான் போட்டு, கடமையைப் பற்றிப் பேசுகிறது.

இதையெல்லாம் அடுத்த வகுப்பில் ப்ரொஃபேவிடம் கொட்டினேன். உணர்ச்சி வேகத்தில் வினைச்சொல்லும் ஓரளவு வந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். 'என் அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். வாழ்க்கை முழுக்க அலுவலகங்களில் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று உளறியிருக்கிறார். பயத்தில் வாக்கியம் முடியாது அவருக்கு. 1940 காட்சியைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள், அவரும் சிரிப்பார். ஆனால் அது தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தெரியும். கால்சட்டை நிற்காத அந்த ஆளுக்கு ஒரு நாளாவது மைக் கொடுத்தார்கள், ஒரு நாளாவது வாக்கியம் முடிந்தது, அதற்குத்தான் அவர் அழுகிறார்.'

எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அது கலையாகத் தோற்றது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் சொன்னதற்கப்புறம் அதை 'அறுவை' என்று எழுதக் கை வரவில்லை. எங்கள் ஊர்த் தாலுகா ஆபீசில் பட்டா மாற்றத்துக்கு நின்றபோது, படித்த நானே 'அதாவது சார், வந்து' என்று இழுத்தது ஞாபகம் வந்தது.

போன மாதம் வகுப்பு முடியும் நேரத்தில் திரையில் ஒரு வெள்ளை மீசை தெரிந்தது. அப்பா. மகளுக்குக் காலைக் காபி கொண்டுவந்தவர், இந்தியாவில் யாரோ காந்தின்ஃபிளாஸைப் பற்றிக் கேட்கிறார் என்று கேள்விப்பட்டு நின்றுவிட்டார். வணக்கம் சொன்னேன். அவர் கோப்பையை மேசையில் வைத்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், நேராக நின்று பேச்சின் முதல் பகுதியை மனப்பாடமாகச் சொன்னார். களைத்த நேரத்தில் பிடிக்கிறேன் என்ற இடத்தில் கண்ணடித்தார். 'அர்மாவோஸ்' வந்ததும் நிறுத்தி, எனக்குப் புரிந்ததா என்று பார்த்தார். சிரித்தேன். சிலேடைக்கா, அவருக்கா, தெரியவில்லை. அப்புறம், உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டார், எனக்கு நீதிமன்றம்தான் பிடிக்கும், தொன் (நம் 'ஐயா' மாதிரி), என்றேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு வேகவேகமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஒரு கை மேலே போனது, ஒரு வாக்கியத்துக்குக் குறுக்கே இன்னொன்று வந்தது, நான் பிடிக்க முடிந்தது நடுவில் வந்த 'ஆயி எஸ்தா எல் தெதாயே' மட்டும். ப்ரொஃபே மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். 'ஒன்றும் சொல்லவில்லை' என்றார்.